12,050 ரூபாய் 40 ரூபாய் ஆன கதை: கணக்கு சாஃப்ட்வேர் எழுதி வாங்குபவர்கள் கவனிக்க

கடலூர் முதுநகரில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் 38,000 ரூபாய் கொடுத்துக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதி வாங்கினேன். எடைக் கட்டத்தில் 52.5-3 என்று அடித்தால் ஐஸ், பெட்டி எடை கழிந்து 49.5 என்று வந்து நிற்கும். "சொந்தமா எழுதின ஃபார்முலா இன்ஜின் சார்" என்று அதற்கு மட்டும் 8,000 போட்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

விசைப்படகுக்காரர் ஒருவருக்கு டீசல் முன்பணம் 12,050 கொடுத்தோம். மாசக் கடைசியில் பார்த்தால் அவர் பேரில் பாக்கி 40 ரூபாய். "இந்தாங்கண்ணே, இப்பவே குடுத்துடறேன்" என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டார். நல்ல மனுஷன்.

எழுதிக் கொடுத்தவரைக் கேட்டால், "கமா போட்டீங்களா? போடக் கூடாது சார்." கமா போடாத கணக்குப்பிள்ளைக்கு நான் எங்கே போவது? அதைச் சரிசெய்ய இன்னொரு 4,500 வாங்கினார். சரி, முடிந்தது என்று இருந்தேன். அப்புறம் பெட்டி எண்ணிக்கையில் 024 என்று அடித்தது 20 ஆக ஏறியிருந்தது. ஆனால் 018 அடித்தால் ஒழுங்காக 18.

அக்கா மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் சாஃப்ட்வேருக்குள் எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தான். 8,000 ரூபாய் இன்ஜின் மொத்தமே ஒரு வரி: ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியோடு இலவசமாக வரும் 'இவால்' (eval). நாம் அடிப்பதைக் கணக்காகப் பார்க்காமல் புரோகிராமாகவே எடுத்து ஓட்டிவிடுமாம். அந்த மொழியில் கமா என்றால் கடைசியில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள் என்று அர்த்தம். 12 போச்சு, மிச்சம் 050. முன்னால் பூஜ்யம் இருந்தால் பத்துக்குப் பதில் எட்டை வைத்து எண்ணும். சி மொழிக் காலத்துப் பழக்கம். ஐயெட்டு நாற்பது! அதே மாதிரி ஈரெட்டு பதினாறும் நாலும் இருபது. எட்டு, ஒன்பது என்ற இலக்கங்கள் அந்த முறையில் கிடையாது, அதனால் 018 தப்பித்தது. 2009-லேயே அந்த மொழியில் வந்த 'ஸ்ட்ரிக்ட்' என்ற கண்டிப்பான முறையைப் போட்டிருந்தால் 050-ஐக் கண்டதும் பிழை என்று நின்றிருக்கும். அந்த ஒரு வரியும் போடவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. பையன் எடைக் கட்டத்தில் என்னவோ ஒரு வரி அடித்தான். திரையில் இருந்த பாக்கிப் பட்டியல் முழுக்கக் காணோம். வெளியூர் வியாபாரிகள் போனில் அனுப்பும் ஆர்டரும் இதே வழியாகத்தான் என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்றதும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

கணக்கை மட்டும் படித்துப் போடுகிற பார்சர் இலவசமாகவே கிடைக்கிறதாம். எழுதிக் கொடுத்தவரைக் கேட்டதற்கு "எல்லாரும் இப்படித்தான் சார் எழுதுவாங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

நீங்கள் யாரிடமாவது எழுதி வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே 12,050, 024 இரண்டையும் அடித்துப் பாருங்கள். எண் கட்டத்தில் எழுத்து அடித்தால் ஏற்கிறதா என்றும் பாருங்கள். இங்கே நாலு பெட்டி சங்கரா மீனுக்கான தகராறு இன்னும் தீரவில்லை.