முதல் ஃபிஷ் கச்சேரி: ஃப்ளோரா, இருக்கையா?

மேடையிலேயே பாட்டை நீட்டி வாசிக்கும் அமெரிக்க ஜாம் குழுவான ஃபிஷ், கச்சேரியை இரண்டு செட்டாக, அதாவது இரண்டு பகுதியாக வாசிக்கும். நடுவே அரை மணி இடைவேளை, கடைசியில் என்கோர் எனும் கூடுதல் பாட்டு. மொத்தம் சுமார் மூன்று மணி நேரம்.

இடம்: ஃப்ளோர் என்பது மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் தளம். அங்கே பெரும்பாலும் இட எண் கிடையாது, முன் தடுப்புக் கம்பி வேண்டுமென்றால் சீக்கிரமே வரிசையில் நிற்கணும். இருக்கைக்குத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. ஆனால் அங்கேயும் எல்லோரும் எழுந்துதான் ஆடுவார்கள்.

ஒலி: ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸிங் மேசையை ஒட்டிய ஃப்ளோர்தான் அருமை. அதன் பின்னால் மைக் கம்பங்களோடு நிற்பவர்கள் குழுவின் அனுமதியோடு பதிவு செய்பவர்கள். பக்கத்தில் நின்று பேசாதீர்கள், அதுவும் பதிவாகிவிடும்.

ஒளி: ஒரே பாட்டு இருபது நிமிடம் நீளும்போது குழுவின் ஒளி வடிவமைப்பாளர் கிறிஸ் குரோடாவின் விளக்குகளும் இசையோடு சேர்ந்தே மாறும். கம்பியருகே பாதிதான் தெரியும். மேல் இருக்கையில் முழுசாகத் தெரியும்.

தனியாகப் போகும் புதியவருக்கு இருக்கை. கிட்டார் வாசிக்கும் ட்ரே அனஸ்டாசியோவின் விரல்களைப் பார்த்தே தீரணும் என்பவருக்கு ஃப்ளோர். எங்கே நின்றாலும் இயர்பிளக் கட்டாயம்.