காலநிலை மாற்றமா, காலநிலை நெருக்கடியா: எதை எழுதுறது?

போஸ்டர், மனு, ரிப்போர்ட்னு எழுத உக்காந்தா நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் வருது, அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

எப்ப வந்துச்சு
மாற்றம்: ரொம்ப நாளா புழங்குற சொல். 1988ல ஆரம்பிச்ச ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, அது பேர்லயும் இருக்கு, 1992 ஐநா ஒப்பந்தத்து பேர்லயும் இருக்கு.
நெருக்கடி: 2019லதான் வேகமா பரவுச்சு. அந்த மே மாசம் பிரிட்டன் நாடாளுமன்றம் காலநிலை அவசரநிலைன்னு தீர்மானம் போட்டுச்சு, கார்டியன் பத்திரிகையும் நெருக்கடி, அவசரநிலைன்னு எழுதச் சொல்லி எந்தச் சொல்லை எப்படி எழுதணும்னு சொல்ற தன்னோட நடையேட்டை மாத்துச்சு.

துல்லியம்
மாற்றம்: வெப்பம், மழை, வறட்சி, கடல்மட்டம் எல்லாமே அடங்கும்.
நெருக்கடி: எவ்ளோ அவசரம்னு சொல்லும், என்ன நடக்குதுன்னு சொல்லாது.

உறைக்குதா
மாற்றம்: ரொம்ப சாது. 2002ல அமெரிக்காவுல ரிபப்ளிகன் கட்சி ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ், புவி வெப்பமாதல்னு சொன்னா மக்கள் பயப்படுறாங்க, அதனால காலநிலை மாற்றம்னே சொல்லுங்கன்னு கட்சிக்காரங்களுக்கு குறிப்பு எழுதிக் கொடுத்தாரு, இத நினைச்சா எனக்கு இன்னும் கோபம் வருது. ஆனா சொல் மேல குத்தம் இல்ல, அத வச்சு மக்களை அசமந்தமா இருக்க வச்ச நோக்கத்து மேலதான் குத்தம்.
நெருக்கடி: உடனே உறைக்கும். ஆனா தினமும் கேட்டா மரத்துப்போகும்னு ஒரு பயம் இருக்கு, 2023 ஜூலைல ஐநா பொதுச்செயலாளர் குட்டெரெஸ் இன்னும் ஒரு படி மேல போய் உலகம் கொதிக்கிற காலம் வந்துடுச்சுன்னே சொல்லிட்டாரு.

பாடம், ரிப்போர்ட், ஆய்வுன்னா மாற்றம்னு எழுதுங்க. மனு, போராட்ட போஸ்டர்னா தயங்காம நெருக்கடி போடுங்க, கூடவே உங்க ஊர்ல வெள்ளமா, வறட்சியா, கடலரிப்பான்னு ஒரு வரி கண்டிப்பா சேத்துடுங்க.