டர்பன் விளையாட்டு உதவித்தொகை முகவர் சேவை: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயங்கும் ஒரு முகவர் நிறுவனத்தின் வழியாக என் மகள் 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் நீச்சல் அணியில் சேர்ந்தாள். சாட்ஸ்வர்த்திலிருந்தும் மெர்பேங்கிலிருந்தும் கிங்ஸ் பார்க் நீச்சல் குளத்துக்கு விடியுமுன்னே பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர் அந்தச் சேவையைப் பற்றிக் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் செய்த நல்லதை முதலில் சொல்ல வேண்டும். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவு இங்கே ஜனவரியில் வருகிறது. அங்கே கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. இடைப்பட்ட மாதங்களில் மதிப்பெண் சான்றுகளையும் போட்டி நேரங்களையும் காணொளிகளையும் ஒழுங்காகத் தொகுத்து, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் பதிவு செய்து, விசா நேர்காணல் வரை உடன் நின்றார்கள். எப்போது அழைத்தாலும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

உதவித்தொகை எத்தகையது என்பதை மட்டும் அவர்கள் விளக்கவில்லை. "முழு உதவித்தொகை" என்ற சொல்லை அலுவலகத்தில் பலமுறை கேட்டோம். ஆனால் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுக்கும் என்.சி.ஏ.ஏ.வில் மகள் சேர்ந்தது இரண்டாம் பிரிவு. அங்கே பெண்கள் நீச்சல் அணி ஒன்றுக்கு 8.1 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகைதான் உச்சவரம்பு. அதை அணியினர் பகிர்ந்துகொள்கிறார்கள். மூன்றாம் பிரிவிலோ விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. இந்த வேறுபாட்டை முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தத் தொகை நான்காண்டுகளுக்கும் உறுதியானது என்றே நாங்கள் நம்பினோம். ஆனால் 1973இலேயே என்.சி.ஏ.ஏ. உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறைக்கு மாற்றியது. முதல் பிரிவில்கூடப் பல ஆண்டு ஒப்பந்தத்துக்கு 2012இல்தான் மீண்டும் வழி திறந்தது. எங்கள் உதவித்தொகை ஒப்பந்தத்தில் இருந்ததும் ஓராண்டு மட்டுமே. முதல் பருவத்தில் தோள்வலியால் மகளின் நேரம் பின்தங்கியது, பயிற்சியாளர் மாறினார், அடுத்த ஆண்டுத் தொகை பாதியாகக் குறைந்தது. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் கல்விப் பருவத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதால், மீதியை ராண்டில் சம்பாதிக்கும் நாங்கள்தான் டாலரில் ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று மகள் நினைத்தாள். 2018 அக்டோபரில் தொடங்கிய, இடம் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், பயிற்சியாளரின் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலையை நீக்கியது. 2024இல் முதல் பிரிவில், படிப்பில் தகுதி குன்றாதவர் எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு போட்டியிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை என்றும் ஆயிற்று. இவை நியாயமான மாற்றங்களே. பயிற்சியாளர் ஒரே நாளில் வேறு அணிக்குப் போகலாம் என்றால் மாணவிக்கு மட்டும் ஏன் தடை? ஆயினும் போர்ட்டலில் பெயர் பதிந்துவிட்டால் புதிய இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பழைய இடம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விடலாம். கடல் கடந்து தனியே இருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது சிறிய துணிவு அல்ல.

நிறுவனத்தைக் கேட்டபோது, சேர்க்கையோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று மின்னஞ்சல் வந்தது. தொகையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பல்கலைக்கழகம் ஜூலை 1க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும், விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழுவிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை மாணவிக்கு உண்டு என்பதையும், அங்கே படிக்கும் மூத்த வீராங்கனை ஒருத்திதான் மகளுக்குச் சொன்னாள். அந்த மேல்முறையீட்டில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

படிவ வேலைக்கு ஐந்தில் நான்கு தருவேன். முழுச் சேவைக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. கையெழுத்திடுமுன், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, காயமுற்றால் தொகை என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்ற மாதம் டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டியது. அதிலும் ஆண்டுப் புதுப்பித்தலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.