டூசான் பாலைவனப் பறவை நடை: காசுக்கு மோசமில்லை, ஆனால்...

அரிசோனாவில் டூசானுக்கு வெளியே பிப்ரவரிக் காலையில் வழிகாட்டியோடு போகும் பறவை நடை இது. ஃபைனோபெப்லா என்கிற பறவையைப் பார்க்கணும் என்பதற்காகவே பதிவு செய்தேன். பார்த்தாச்சு. நம்ம சீமைக் கருவேலத்தின் உறவான மெஸ்கீட் மரம், அதில் கொத்தாகத் தொங்கும் புல்லுருவி, உச்சிக் கிளையில் கொண்டையும் சிவப்புக் கண்ணுமாக மினுமினுக்கும் கறுப்பு ஆண் பறவை. பறந்த கணத்தில் இறக்கையில் இரண்டு வெள்ளைத் திட்டுகள், அவ்வளவு அழகு! பெண் பறவை சாம்பல் நிறம்.

வழிகாட்டிக்கு விஷயம் தெரிகிறது. இந்தப் பறவை ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் புல்லுருவிப் பெர்ரி தின்னுமாம், அதன் இரைப்பை பழத்தோலைத் தனியாக உரித்து ஒதுக்குமாம், தண்ணீர்கூட பெரும்பாலும் பழத்திலிருந்தே கிடைத்துவிடுமாம். எச்சத்தில் வந்த விதைகள் பிசினாகக் கிளையில் ஒட்டி நூலாகத் தொங்குவதைக் கிட்டத்தில் காட்டினார். அடுத்த புல்லுருவி அங்கேதான் முளைக்கும், அதாவது தன் சாப்பாட்டைத் தானே விதைக்கிற பறவை. கோடை வெயில் ஏறியதும் கருவாலி (ஓக்) மரக்காடுகளுக்குப் போய்விடுமாம். இங்கே ஜோடி ஜோடியாக எல்லை பிரித்துச் சண்டை போடுகிறவை அங்கே கூட்டமாகக் கூடு கட்டுகின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

குறை? வாடகைக்குத் தந்த பைனாகுலர் படு மோசம், ஒரு பக்கம் ஃபோகஸே ஆகவில்லை. கிளம்பியதும் அரை மணி தாமதம். சொந்த பைனாகுலர் இருந்தால் தாராளமாகப் போங்க, ஐந்துக்கு நாலு.