ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப்: இஞ்சின் பாஸ், சைலன்சர் பெயில்

2021இல் எடுத்த டீசல் பிக்கப், பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி. ஏற்ற அனுமதித்த எடை 1.3 டன், மொத்த எடை 3 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. அந்த 3 டன் கணக்கில்தான் இந்த வகை வண்டிகளின் பிழைப்பே இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. அதனால்தான் இந்தப் பிரிவில் பல வண்டிகள் 2,900 சொச்சத்தில் வந்து நிற்கின்றன.

கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. சந்தையில் பக்கத்தில் நிற்கிற வேற கம்பெனி வண்டிக்காரரும் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார். பெயரைச் சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும், கோளாறு பின்னுக்குப் போய்விடும்.

முதலில் என் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தக்காளி, முருங்கை, கத்தரி, வெண்டை ஏற்றி வருவதுதான் தினசரி வேலை. கள்ளிமந்தையம் பக்கம், சத்திரப்பட்டி பக்கம். ஒரு நடை இருபது நிமிஷம் ஓடினால் பெரிது. தோட்டத்தில் நிற்கும், கிளம்பும், அடுத்த தோட்டத்தில் நிற்கும், சந்தை வாசலில் வரிசையில் உருளும். சீசனில் வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறி சௌசௌ, வாழை இறக்குவேன். எப்போதாவது கேரளா லோடு: பழனி, மடத்துக்குளம், உடுமலை, பொள்ளாச்சி தாண்டி பாலக்காடு, திருச்சூர்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். இஞ்சினில் இழுவைக்குக் குறையே இல்லை. லோடோடு 13, 14 மைலேஜ் கொடுக்கிறது. இதுவரை ஹெட்டைக் கழற்றியதில்லை, டர்போவில் கை வைத்ததில்லை. சேஸ் நேராக இருக்கிறது. கேபின் சுமார்தான், ஏப்ரல், மே மாதங்களில் உள்ளே உட்கார்ந்தால் வேர்த்து ஊற்றும். ஆனால் அதைத் தெரிந்துதானே வாங்குகிறோம்.

இனிமேல் குறை. அதில் பெரியது டி.பி.எஃப்., அதாவது புகையின் கரியைப் பிடிக்கிற வடிகட்டி.

பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் வந்தது. அதோடு டீசல் வண்டிகளின் சைலன்சர் லைனில் இந்தக் கரி வடிகட்டி வந்து உட்கார்ந்தது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பிடித்த கரியை அப்பப்போ எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்குப் பெயர் ரீஜெனரேஷன். எரிய வேண்டுமென்றால் உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். லோடு ஏற்றிக்கொண்டு ஒரே வேகத்தில் மெயின் ரோட்டில் போகிற வண்டிக்கு இது சுலபம். அங்கே சூடு கொஞ்சம் போதாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டரே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, சூட்டை ஏற்றி, வேலையை முடித்துக்கொள்ளும். அதற்கு விடாமல் கால் மணி நேரத்துக்கு மேலாவது ஓட வேண்டும்.

என் ஓட்டத்தில் அந்தக் கால் மணி நேரம் எங்கே இருக்கிறது? இஞ்சின் சூடாகவே பாதி வழி போய்விடும். எரிப்பு ஆரம்பித்திருக்கும், அதற்குள் தோட்டம் வந்துவிடும், சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிடுவோம். அடுத்த நடையில் மறுபடி முதலிலிருந்து. எரிப்பு நடக்கிறது என்று வண்டி சொல்வதும் இல்லை. நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: நியூட்ரலில் வழக்கத்தைவிட ஆர்.பி.எம். ஏறி நிற்கும், ஃபேன் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும், அடியில் ஒரு காந்தல் வாடை வரும். இது மூன்றும் சேர்ந்து வந்தால் இப்போதெல்லாம் நான் சாவியில் கை வைப்பதில்லை. பழனி ரோட்டில் சத்திரப்பட்டி தாண்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் சந்தைக்குள் நுழைவேன். டீசல் செலவு என்னுடையது.

நாற்பதாயிரம் கிலோமீட்டர் வாக்கில் முதல் முறையாக மஞ்சள் லைட் எரிந்தது. கேரளா லோடு ஒன்று வந்தது, உடுமலை தாண்டுவதற்குள் லைட் தானாக அணைந்துவிட்டது. சரி, தொல்லை விட்டது என்றுதான் இருந்தேன். அப்புறம் அது அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு நாள் தக்காளி லோடோடு இழுவையே இல்லாமல் போய்விட்டது. ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்தாலும் வண்டி ஊர்ந்தது. இஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படி அமுங்கிக்கொள்ளுமாம். இஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, தக்காளியை யார் காப்பாற்றுவது? ஏலம் முடிந்த பிறகுதான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, வண்டியை நிற்க வைத்தே கரியை எரித்துக் கொடுத்தார்கள். அதற்கு பில். வாரண்டி இல்லையா என்று கேட்டேன்.

"இது ஓட்டுற விதத்துல வர்றதுண்ணே. வாரண்டியில வராது. நீங்க வண்டிய அப்பப்ப ஹைவேல விட்டு ஓட்டணும்ணே."

"தம்பி, நான் காய் ஏத்த வண்டி வாங்குனேன். ஹைவே காட்ட வாங்கல."

சிரித்தான். நல்ல பையன்தான், அவன் என்ன செய்வான். ஆனால் இந்த "ஓட்டுற விதம்" என்கிற பதில் எனக்கு ஜீரணமாகவில்லை. ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளின் 2.8 லிட்டர் டீசலுக்கு இதே டி.பி.எஃப். பிரச்சினையில் பெரிய வழக்கே நடந்தது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற 2,64,170 வண்டிகள். வெள்ளைப் புகை, நாற்றம், கூடுதல் டீசல் செலவு என்று புகார். அங்கே வேடிக்கை என்னவென்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் விடாமல் ஓட்டும்போதுதான் வடிகட்டி தடுமாறியது. நமக்கு மருந்தாகச் சொல்கிற ஓட்டம் அவர்களுக்கு நோயாக இருந்திருக்கிறது. 2022இல் ஃபெடரல் நீதிமன்றம் வடிவமைப்பிலேயே குறை என்று சொல்லி, வண்டி மதிப்பில் 17.5 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. 2023 மேல்முறையீட்டில் அது 10 சதவீதமானது, அதன் பிறகு அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை வழக்கு போனது. என் வண்டியில் வடிவமைப்புக் குறை இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல வரவில்லை. ஓட்டுகிறவன் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக முடியாத விஷயம் இது என்கிறேன். காய்கறி வண்டி எப்படி ஓடும் என்று, காய்கறி வண்டி விற்கிறவருக்குத் தெரியாதா? ஷோரூமில் லோன் பேப்பரில் கையெழுத்து வாங்கும்போது "அண்ணே, குட்டி ஓட்டத்துக்கு இது ஆகாது, சி.என்.ஜி. பாருங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

இதற்குக் கூடவே வருகிற இன்னொரு தொல்லை இஞ்சின் ஆயில். எரிப்புக்காகக் கூடுதலாகப் பீய்ச்சுகிற டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். எரிப்பு பாதியில் பாதியில் நின்றால் இது கூடிக்கொண்டே போகும். காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நிற்கும். வழக்கமாகக் குறைகிற ஆயில், இங்கே ஏறுகிறது. விரலில் தொட்டால் பிசுக்கு இல்லாமல் வழிந்து ஓடும், மோந்து பார்த்தால் டீசல் வாடை. ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் நான் அதில் முக்கால்வாசியிலேயே ஆயில் மாற்றிவிடுகிறேன்.

ஆயிலிலும் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் சி3 என்றோ சிகே-4 என்றோ போட்டிருக்கும், கையேடு எதைக் கேட்கிறதோ அது. கரி எரியும், ஆயிலிலிருந்து வருகிற சாம்பல் எரியாது. அது வடிகட்டிக்குள் தங்கித் தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும், எத்தனை ரீஜெனரேஷன் செய்தாலும் போகாது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லை புதிது போட வேண்டும். புதிது போட எனக்குக் கொடுத்த எஸ்டிமேட் லட்சத்தைத் தொட்டது. கழற்றி, தனியாக மெஷினில் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறேன், இப்போதைக்கு ஓடுகிறது.

வடிகட்டியையே வெட்டி எடுத்துவிட்டு, அது இல்லாமலே ஓடும்படி கம்ப்யூட்டர் மேப்பை மாற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள் என்று சந்தையில் பேச்சு. நான் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி அது அனுமதியில்லாத மாற்றம். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ போடலாம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகிற ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அதோடு, அந்தப் புகையை முதலில் குடிப்பது பின்னால் பாடியில் உட்கார்ந்து வருகிற லோடுமேன்கள்தான்.

புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பிவிடுகிற இ.ஜி.ஆர். வால்வும் ஒரு முறை கரி பிடித்து ஒட்டிக்கொண்டது. லோக்கல் மெக்கானிக் கழற்றி, கிளீனர் அடித்து, அரை நாளில் முடித்துக் கொடுத்தார். அது பெரிய விஷயமில்லை.

அடுத்து கமான் பட்டை, லோடைத் தாங்குகிற வில் பட்டை. தக்காளிப் பெட்டி ஒன்று 14 கிலோ. 1.3 டன்னுக்குக் கணக்குப் போட்டால் 92 பெட்டி. எந்த ஊரில் எந்த வியாபாரி 92இல் நிறுத்துகிறார்? 120 நிற்கும், மழைக் காலத்தில் அதற்கு மேலும் நிற்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகை பெட்டிக் கணக்கில் இருக்கும் வரை அடுக்கத்தான் செய்வார்கள். அதனால் இடது பின்பக்கம் மெயின் பட்டை உடைந்தபோது, எடைதான் காரணம் என்று சர்வீஸ் சென்டர் கைவிரித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் கமான் பட்டறைக்காரர் வேறு சொன்னார். உடைந்த துண்டைக் கையில் கொடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உடைந்த வாயில் பாதி பழுப்பாகத் துரு ஏறியிருந்தது, மீதி பளபளவென்று புது இரும்பு. துரு ஏறிய பாதி எப்போதோ விரிசல் விட்டது, மீதி அன்றைக்கு விட்டது.

"நடுத் துளையில ஒடஞ்சிருக்கு பாரு மாப்ள. யூ போல்ட் லூசா இருந்தாதான் இங்க ஒடையும். எடையில ஒடஞ்சா துளைக்கு வெளிய ஒடையும்."

புது வண்டியில் முதல் சில லோடு ஏறியதும் பட்டைகள் படிந்து, அவற்றை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் தளரும், திரும்ப முறுக்கிக் கொடுக்க வேண்டும். முதல் சர்வீஸ் பட்டியலில் அது இருக்கிறது. என் ஜாப் கார்டில் டிக் இருக்கிறது. முறுக்கினார்களா என்பது அந்த டிக் போட்டவருக்குத்தான் தெரியும். யூ போல்ட் தளர்ந்தால் பட்டையோடு போகாது. பட்டைகளை நடுவில் கோர்க்கிற சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் நகர்ந்துவிடும், அப்புறம் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். இப்போது ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் நானே பக்கத்தில் நின்று நான்கையும் முறுக்க வைக்கிறேன். அதற்குப் பிறகு பட்டை உடையவில்லை, அதே 120 பெட்டிதான்.

கிளட்ச் தொண்ணூறாயிரத்தில் போனது. பாச்சலூர் ஏற்றத்துக்கு அது நியாயமான ஆயுசுதான், குறை சொல்ல மாட்டேன். ஒரு விஷயம் மட்டும்: பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், மிதித்ததும் சத்தம் நின்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். எனக்கு மிதித்தால்தான் சத்தம் வந்தது. அப்படி இருந்தும் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் கியர்பாக்ஸ் ஓவர்ஹாலும் சேர்ந்திருந்தது. வெளியில் கிளட்ச் செட்டும் பேரிங்கும் மட்டும் மாற்றினேன், சத்தம் போயே போச்சு.

முன் புஷ்கள், ஸ்டெபிலைசர் லிங்க், ஒரு வீல் பேரிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. நம்ம தோட்டத்து ரோட்டுக்கு எந்த வண்டிக்கும் அது வரும். மழைக்கு சென்சார் கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்து, சும்மா சும்மா லைட் எரிந்ததும் உண்டு. கழற்றித் துடைத்து மாட்டினால் சரி.

செகண்ட் ஹேண்டில் இந்த வகை வண்டி எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: விற்கிறவர் முதலில் எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். லைன் ஓட்டம், அதாவது கோவை, சென்னை, கொச்சி என்று ஓடியிருந்தால் கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் கேன், காய்கறி, கடைக் கடையாக டெலிவரி என்று உள்ளூரிலேயே ஓடிய நாற்பதாயிரம் கிலோமீட்டர் வண்டிதான் ஆபத்து. டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப்போய் டி.பி.எஃப்.பில் கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் நின்று, இரண்டு பக்கமும் வீலுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒன்றா என்று பாருங்கள். கடைசியாக அடியில் படுத்து சைலன்சர் லைனை டார்ச் அடித்துப் பாருங்கள். வடிகட்டி டப்பாவில் வெட்டி ஒட்டிய வெல்டிங் தழும்பு தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.