ஓசிஎல் வரியா, கட்டுப்பாட்டுப் படமா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் மாடல் வரைந்தபோது ஒரு விதியில் நின்றுவிட்டோம். ஒரு டீ-சர்ட்டின் முன்துண்டு, பின்துண்டு, கை எல்லாம் ஒரே சாய லாட்டாக, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணியாக, இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷேடு மாறும். மென்பொருள் மாடல் வரையும் குறியீடான யூஎம்எல்லின் கிளாஸ் படத்தில் 'துண்டுக்கு லாட் 1' என்று எண் போடலாம். எல்லாத் துண்டுக்கும் அதே லாட் என்பதை அந்த எண் சொல்லாது.

இத்தகைய விதிகளை எழுத்தில் சொல்லும் மொழியான ஓசிஎல்லில் ஒரே வரிதான்: துண்டுகளின் லாட்களைக் கணமாக (செட்) திரட்டு, அளவு 1. யூஎம்எல் 1.1-உடன் 1997-ல் வந்த மொழி, கருவியே சரிபார்க்கும். சாயப்பட்டறை மாஸ்டருக்கோ அது வெறும் எழுத்துக் கூட்டம்.

அதே 1997-ல் கணினி ஆய்வாளர் ஸ்டூவர்ட் கென்ட் முன்வைத்த, விதியைப் படமாகவே காட்டும் கட்டுப்பாட்டுப் படத்தில் வட்டம் கணம், புள்ளி உறுப்பு, அம்பு உறவு. துண்டுகள் வட்டத்திலிருந்து லாட் வட்டத்துக்குள் ஒற்றைப் புள்ளிக்கு ஓர் அம்பு. பார்த்ததுமே மாஸ்டர், "கழுத்து ரிப்ப உட்டுட்டீங்களேங்க, அதும் அதே லாட்டு தானுங்க" என்றார். எங்கள் ஓசிஎல் வரியிலும் அந்த ரிப் இல்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

படத்துக்கும் குறை உண்டு. 'ஒவ்வொரு சட்டைக்கும் ஏதோ ஒரு லாட்', 'எல்லாச் சட்டைக்கும் ஒரே லாட்' இரண்டும் ஒரே படத்தில் குழம்பலாம். வாசிப்பு வரிசையைக் காட்டும் மரக்குறியீட்டைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது அதனால்தான். துணி எடைக் கூட்டல் போன்ற கணக்குக்கு ஓசிஎல்தான்.

நான் மாஸ்டர் முன்னால் படம் வரைவேன்; அவர் தலையாட்டிய பிறகே ஓசிஎல் எழுதுவேன்.