பிளெக்கோவுக்கான பாசி வில்லை: வாங்கலாமா?

மீன்தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்றே பிளெக்கோ என்னும் உறிஞ்சுவாய் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்பவர்கள் பலர். அதை நம்பித் தம் மீனைப் பட்டினி போட விரும்பாதவர்களுக்கு, அடியில் மூழ்கும் தீனியான இந்தப் பாசி வில்லை நல்ல தேர்வு. விளக்கை அணைத்த பின் ஒன்றைப் போட்டால், அது உடையாமல் நேரே மணலில் இறங்கி, ஓரங்கள் மட்டும் மெல்ல இளக, இரவில் இரைதேடும் பிளெக்கோ அதன்மேல் கவிழ்ந்து உறிஞ்சுவாயால் சுரண்டித் தின்னத் தோதாக இருக்கிறது. என் மீனின் ஒட்டிக் கிடந்த வயிறு சில வாரங்களில் நிரம்பிவிட்டது.

ஆனால், முகப்பில் கொட்டை எழுத்தில் பாசி என்று இருந்தாலும், சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது மீன்தூள்தான். ஆகவே, தாவர உணவை நாடும் பிரிசில்நோஸ் போன்ற பிளெக்கோ வகைகளுக்கு வெள்ளரித் துண்டும், சுரண்டுவதற்கு ஒரு மரக்கட்டையும் கூடவே வேண்டும். சிறிய மீனுக்குப் பாதி வில்லை போதும். மிச்சத்தைக் காலையில் எடுக்காவிட்டால் அது அழுகி, நீரில் அம்மோனியா ஏறிவிடும். 40 செ.மீ. வரை வளரக்கூடிய சாதாரண பிளெக்கோவைச் சின்னத் தொட்டியில் அடைத்திருப்பவர்கள், தீனியைவிடத் தொட்டியைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

டப்பாவின் மூடி சரியாக இறுகுவதில்லை; ஈரம் புகுந்து வில்லைகள் நமத்துப்போவதால், வாங்கியதும் வேறு புட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.